சில்வராடோவின் கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும்: வீட்டு வாசலிலேயே மாற்றிய பதிவு

ஒரு லட்சம் மைல் தாண்டிய ஆட்டோமேட்டிக் பிக்கப்பை செகண்ட் ஹேண்டில் வாங்குகிற எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும்: கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றலாமா, தொடாமல் விட்டுவிடலாமா? "பழைய ஆயிலில் கை வைத்தால் கியர்பாக்ஸே போய்விடும்" என்று பயமுறுத்த ஒருவர் இருப்பார். "அது வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று அடித்துச் சொல்ல இன்னொருவர் இருப்பார். நான் விசாரித்த ஒரு பட்டறையிலும் இந்த இரண்டாவது பதில்தான் கிடைத்தது. என்னைக் கேட்டால், அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பார்க்காமல் இரண்டையும் நம்பக் கூடாது. ஆயில் மாற்றுவது இந்த வேலையில் பாதிதான். அந்த சம்ப்பின் அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் மறுபாதி.

வண்டி 2005 செவர்லே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8 என்ஜின், பின்சக்கர டிரைவ், 4எல்60-இ கியர்பாக்ஸ். ஹூஸ்டனில் ஓடுகிறது. ஓடோமீட்டர் 1,28,000 மைல் காட்டுகிறது. முந்தைய ஓனரிடம் சர்வீஸ் ரசீது எதுவும் இல்லை. ஓட்டுவதற்குக் குறை சொல்ல முடியாத வண்டிதான். ஆனால் 45 மைல் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது ஒரு சின்ன நடுக்கம் வரும், ஓரிரு விநாடியில் அடங்கிவிடும். என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள், இரண்டையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பிடிக்கிற நேரம் அது. ஆயில் பழசாகி அதன் உராய்வுத் தன்மை கெட்டுப்போனால் இந்த நடுக்கம் வரும். கிளட்ச் தேய்ந்தாலும் வரும், ஆயிலை அந்தந்த கிளட்ச்சுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில் தேய்மானம் இருந்தாலும் வரும். முதல் காரணத்தைச் சரிசெய்ய நூறு டாலர் போதும், மற்ற இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் ஆகும். அதனால் மலிவான பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

இந்த கியர்பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1982 மாடல் வண்டிகளில் 700ஆர்4 என்ற பெயரில் வந்தது. 1993-ல் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு சேர்ந்து 4எல்60-இ ஆனது. நான்கு கியர், வண்டியின் நீளவாக்கில் பொருத்தியது என்பதுதான் பெயரின் முன்பாதிக்கு அர்த்தம். ஜெனரல் மோட்டார்ஸ் இதைப் பல லட்சம் வண்டிகளில் போட்டிருப்பதால் சாமான் எங்கும் கிடைக்கும், இதன் வியாதிகளும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது, நான்காவது கியருக்கான 3-4 கிளட்ச் சீக்கிரம் கருகும். சன் ஷெல் என்ற பாகம் உடைந்தால் இரண்டாவது கியர், நான்காவது கியர், ரிவர்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். இப்படிப்பட்ட நோய் வந்த வண்டிக்கு ஆயில் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. 'ஆயில் மாற்றினேன், கியர்பாக்ஸ் போய்விட்டது' என்று சொல்கிறவர்களில் பலர், கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயிலைப் பற்றியே யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. போகிற உயிர் போயிருக்கும், பழி ஆயில் மேல் விழுந்திருக்கும்.

எப்போது மாற்ற வேண்டும் என்பதை வண்டியோடு வரும் கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். கடுமையான உபயோகம் என்றால் 50,000 மைலுக்கு ஒருமுறை. கடுமையான உபயோகம் என்றால் பாலைவனத்தில் பந்தயம் ஓட்டுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வெப்பம் அடிக்கடி 32 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிற ஊரின் நெரிசலில் ஓட்டினாலே அந்தக் கணக்குதான். ட்ரெய்லர் இழுத்தாலும் அதே. ஹூஸ்டனில் மே முதல் செப்டம்பர் வரை எல்லா வண்டியும் கடுமையான உபயோகம்தான்.

ஆயில் விஷயத்துக்கு வருவோம். 2005 வண்டியின் கையேடு டெக்ஸ்ரான்-3 என்ற ஆயில் தரத்தைச் சொல்லும். அதை இப்போது தேட வேண்டியதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஓடு அந்தத் தரத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்த டெக்ஸ்ரான்-6 பழைய வண்டிகளுக்கும் பொருந்தும் என்று அவர்களே சொல்கிறார்கள். புதிதாக இருக்கும்போது 6 கொஞ்சம் மெல்லியது, ஆனால் நாள்பட அந்தப் பதத்தை விடாமல் வைத்திருக்கும். 3-ன் பதம் ஓட ஓட இறங்கிவிடும். கடையில் இன்றும் 'டெக்ஸ்ரான்-3 வண்டிகளுக்கு ஏற்றது' என்று எழுதிய மலிவான பாட்டில்கள் உண்டு. அவற்றுக்குப் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸின் லைசென்ஸ் கிடையாது. லேபிளில் டெக்ஸ்ரான்-6 லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். எல்லா வண்டிக்கும் பொதுவான ஆயில் என்று விற்பதன் பக்கம் போகவில்லை.

அளவு முக்கியம். சம்ப்பைக் கழற்றினால் வெளியே வருவது ஏறக்குறைய 5 குவார்ட், அதாவது 4.7 லிட்டர். ஆனால் கியர்பாக்ஸுக்குள் மொத்தம் இருப்பது 11 குவார்ட்டுக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் குழாய்களிலும் நிற்கும், சம்ப்பைக் கழற்றினாலும் இறங்காது. ஆக, ஒரு முறை மாற்றினால் உள்ளே புது ஆயில் 45 சதவீதம்தான். அதே அளவு இன்னொரு முறை மாற்றினால் 70 சதவீதத்தை நெருங்கும். மூன்றாவது முறையில் 80-ஐத் தாண்டும். இதைக் காட்டித்தான் பட்டறைகளில் 'ஃபிளஷ்' மெஷினை விற்கிறார்கள்: கூலர் குழாயில் மெஷினைச் செருகி, பழையதைத் தள்ளிப் புதியதை நிரப்புவது. ஏறக்குறைய எல்லா ஆயிலும் மாறும், உண்மைதான். ஆனால் ஃபில்டர் மாறாது, சம்ப்பும் திறக்காது. சரித்திரம் தெரியாத வண்டிக்கு முதல் வேலையாக அதைச் செய்யக் கூடாது என்பது என் கட்சி.

ஃபில்டர் கிட் வாங்கும்போது ஒரு சிக்கல் உண்டு. இதே கியர்பாக்ஸுக்கு ஆழமான சம்ப், ஆழம் குறைந்த சம்ப் என இரண்டு வகை இருக்கிறது, ஃபில்டரும் வேறு வேறு. ஃபில்டரை உள்ளே போல்ட் எதுவும் பிடித்திருக்காது. மேலே கழுத்து ஒரு சீலுக்குள் செருகியிருக்கும், கீழே சம்ப்தான் அதைத் தாங்கும். உயரம் மாறினால் ஒன்று சம்ப் உட்காராது, இல்லாவிட்டால் ஃபில்டர் தொங்கும். பழையதை வெளியே எடுத்ததும் புதியதை அதன் பக்கத்தில் நிற்க வைத்து உயரத்தை ஒப்பிட்டேன். சரியாக இருந்தது.

வேலைக்கு முந்தின இரவே சம்ப் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தேன். காலையில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, முன் சக்கரங்களை ராம்ப் மேல் ஏற்றினேன். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஃபிரேமுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டும் வைத்தேன். கியர் 'பார்க்'கில் இருக்கிறதே என்று இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. கியர் கேபிளைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டை நாமே கழற்றப் போகிறோம். வெறும் ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் படுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குவது நல்லது. கொதிக்கக் கொதிக்க இறக்கினால் முழங்கை வரை வெந்துவிடும், பக்கத்திலேயே ஓடும் எக்ஸாஸ்ட் குழாயும் சும்மா விடாது. ஒரு மணி நேரம் ஆறவிட்டேன்.

சில வருடத்து வண்டிகளில் சம்ப்பிலேயே டிரெயின் பிளக் உண்டு. இதில் இல்லை. பிளக் இல்லாத சம்ப்பை அப்படியே கழற்றினால் ஐந்து குவார்ட் ஆயில் நாலு பக்கமும் வழிந்து, முகத்தில் ஒரு குவார்ட், தரையில் ஒரு குவார்ட் என்று ஆகிவிடும். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. என்ஜின் பக்கம் பயணி பக்கமாக இருக்கும் டிப்ஸ்டிக் குழாயை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சி இருக்கும் குழாயை, யாரும் யோசிப்பதில்லை. அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அது முட்டும் வரை இறக்கி, கையால் அடிக்கும் வாக்குவம் பம்பால் உறிஞ்சினேன். பாதிக்கு மேல் சுத்தமாக மேல் வழியாகவே வந்துவிட்டது. வந்ததை அளவு தெரிகிற மாதிரி காலி பால் கேன்களில் ஊற்றி வைத்தேன். எவ்வளவு வெளியே வந்தது என்பதுதான் பிறகு எவ்வளவு உள்ளே ஊற்றுவது என்பதற்கு முதல் கணக்கு. அதனால் ஒரு சொட்டையும் கணக்கில்லாமல் கொட்டக் கூடாது.

உறிஞ்சும்போதே நிறம் தெரிந்துவிட்டது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் நன்னாரி சர்பத் நிறம்: பழுப்பு, அடியில் ஒரு சிவப்பு. மோந்து பார்த்தேன், பழைய எண்ணெய் வாடைதான், கருகல் இல்லை. கருப்பாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் கருகல் வாடையோடு இருந்திருந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் மோசம்: ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டை விழுந்து கூலண்ட் கலந்துவிட்டது. அப்போது ஆயில் மாற்றுவது அடுத்த கதை, முதலில் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும்.

சம்ப்பில் மொத்தம் 16 போல்ட். டிரைவர் பக்கம் சிலவற்றை கியர் கேபிள் பிராக்கெட் மறைத்துக்கொண்டிருக்கும். பிராக்கெட்டின் இரண்டு போல்ட்டைக் கழற்றி ஒதுக்கினால்தான் சாக்கெட் நுழையும். கேபிளை மடக்காமல் ஒரு கம்பியால் ஓரமாகக் கட்டி வைத்தேன். வண்டியின் முன்பக்கம் தூக்கி இருப்பதால் மிச்ச ஆயில் எல்லாம் சம்ப்பின் பின்பக்கம்தான் தேங்கியிருக்கும். அதனால் முன்பக்கத்து போல்ட்டுகளைச் சில சுற்று தளர்த்தி அப்படியே விட்டு, பக்கவாட்டிலும் பின்னாலும் உள்ளவற்றைக் கழற்றினேன். பின்பக்கம் மெல்ல இறங்கி, ஒரே மூலையில் ஒழுகும். சிமெண்ட் குழைக்கிற அகலமான பிளாஸ்டிக் தொட்டியை அதற்கு நேர் கீழே வைத்திருந்தேன். சம்ப் ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பத்தான் கை போகும். கியர்பாக்ஸ் உடம்பு அலுமினியம், ஒரு கீறல் விழுந்தால் அதுதான் நாளைக்கு ஒழுகும் இடம். பிளாஸ்டிக் சுரண்டியை மூலையில் வைத்துத் தட்டினேன், 'சப்' என்று விட்டது.

சம்ப்பை இறக்கிப் பிடிக்க மச்சான் வந்திருந்தார். அவர்தான் அதை முதலில் பார்த்தார்.

"மாப்ள, காந்தத்துல இவ்வளவு தூள் ஒட்டியிருக்கே. கியர்பாக்ஸ் போச்சா?"

"கையுறையைக் கழட்டிட்டு ரெண்டு விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க மச்சான். ஏதாவது உறுத்துதா?"

"இல்ல. வழவழன்னுதான் இருக்கு."

"அப்போ பயப்பட ஒண்ணுமில்ல."

சம்ப்பின் மூலையில் வட்டமான ஒரு காந்தம் உட்கார்ந்திருக்கும். தேய்ந்த இரும்புத் துகள் ஆயிலோடு சுற்றாமல் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். என்னுடையதில் சாம்பல் நிறக் களிம்பு அரை விரல் நகம் அளவு தடிமனுக்கு, மேலே மயிர் நின்ற மாதிரி முள் முள்ளாகப் படிந்திருந்தது. 1,28,000 மைலுக்கு அது இயல்புதான். இரும்பு மாவாக வரலாம், துண்டாக வரக் கூடாது. விரலில் குத்துகிற செதில், முறிந்த பல்லின் துணுக்கு, வளையத்தின் துண்டு என்று ஏதாவது கிடைத்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் பேச வேண்டும்.

காந்தத்தைத் தாண்டியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாத் துகளும் அதில் ஒட்டாது. சம்ப்பில் மிச்சமிருந்த ஆயிலை வெயிலில் மெல்லச் சாய்த்தேன். வெள்ளி மினுமினுப்பு தெரிந்து, அது காந்தத்துக்கு வராவிட்டால் அலுமினியம். தங்க நிற மினுமினுப்பு என்றால் புஷ் அல்லது வாஷர் தேய்கிறது. கருப்புத் தூள் கிளட்ச் தகட்டின் உராய்வுப் பூச்சு. அதில் கொஞ்சம் எப்போதும் இருக்கும். என்னுடையதில் அடியில் மெல்லிய கருப்புப் படலம் இருந்தது, துடைத்ததும் தகடு தெரிந்தது. மினுமினுப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக, தேடிப் பார்த்தால் மட்டும். நடுக்கத்துக்குக் காரணம் ஆயிலாகவே இருக்கலாம் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஃபோர்டு பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல்: அதில் முதல் முறை சம்ப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு பிளாஸ்டிக் மூடி கிடந்தால் பதற வேண்டாம். தொழிற்சாலையில் டிப்ஸ்டிக் குழாயைப் பொருத்தும் வரை அந்தத் துளையை அடைத்து வைத்திருந்த மூடி அது. குழாயைச் செருகும்போது உள்ளே விழுந்து, அப்படியே தங்கிவிடும். அது கிடந்தால் அந்த சம்ப்பை இதுவரை யாரும் கழற்றவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

பழைய ஃபில்டரை லேசாகத் திருகிக்கொண்டே நேர் கீழே இழுத்தால் வந்துவிடும். அதற்குள்ளும் கணிசமாக ஆயில் நிற்கும், தொட்டியை நகர்த்தாதீர்கள். ஃபில்டர் வந்துவிடும், ஆனால் அதன் கழுத்தைப் பிடித்திருந்த சீல் வராது. மேலே பம்ப்பின் துளைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். இந்த வேலையில் மனிதரைச் சோதிக்கிற இடம் இதுதான்.

அந்த சீல் ஏன் முக்கியம் என்றால், ஃபில்டர் வழியாக ஆயிலை உறிஞ்சுவது பம்ப். கழுத்துக்கும் துளைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது. கியர் தாமதமாகப் பிடிக்கும், பம்ப் ஊளையிடும், கிளட்ச் வழுக்கிக் கருகும். ஆயில் மாற்றிய அடுத்த வாரமே கியர்பாக்ஸ் போன கதைகளில் சிலவற்றுக்கு இந்த சீல்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய சீல் மேலேயே இருப்பதைக் கவனிக்காமல், புது சீலையும் மாட்டி ஒன்றின் மேல் ஒன்றாகத் திணிக்கிறவர்களும் உண்டு.

அதே சமயம், சீலை எடுக்கிறேன் என்று துளையின் சுவரைக் கீறிவிட்டால் அதுவும் காற்றுக்கு வழிதான், அதைச் சரிசெய்ய பம்ப்பையே இறக்க வேண்டும். அதனால் முதலில் டார்ச் அடித்து, விரலை விட்டு ரப்பர் உதட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். மென்மையாக, வெடிப்பில்லாமல் இருந்தால் அதையே விட்டுவிடுவேன். மாற்றினால்தான் கழற்ற வேண்டும், கழற்றியதைத் திரும்பப் போட முடியாது. என்னுடையது கல்லாகி இருந்தது, ஒரு பக்கம் ரப்பர் பிளந்தும் இருந்தது. எடுத்தாக வேண்டும்.

சீலின் வெளிப்பக்கம் மெல்லிய உலோக வளையம். நெம்பி இழுக்காமல், வளையத்தை உள்பக்கமாக மடக்கித் தளர்த்துவதுதான் சூட்சுமம். சின்ன தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியை வளையத்தின் கீழ் விளிம்பில் வைத்தேன். நுனி உள்பக்கம் பார்த்து, துளையின் சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும். சின்ன சுத்தியால் மெல்ல மெல்லத் தட்ட, விளிம்பு ஒரு இடத்தில் உள்ளே மடங்கியது. மடங்கிய காதை நீள மூக்கு கொறடாவால் பிடித்துத் திருகினேன். வளையம் சுருங்கிக் கையோடு வந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணாடியில் ஆயில் சொட்டச் சொட்டச் செய்த வேலை. அவசரப்பட்டால் கெடும் என்பதால் நடுவில் வெளியே வந்து டீ குடித்துவிட்டு மறுபடி படுத்தேன். உள்ளே வால்வு பாடியில் மின்சாரத்தில் இயங்கும் வால்வுகளான சோலனாய்டுகளும் மெல்லிய ஒயர்களும் ஓடுகின்றன, கொறடா வழுக்கி அவற்றில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புது சீலுக்குப் புது ஆயில் தடவி, அதே விட்டமுள்ள சாக்கெட்டை முட்டாக வைத்து, நேராகத் தட்டி உட்கார வைத்தேன். ஃபில்டர் கழுத்திலும் ஆயில் தடவி உள்ளங்கையால் மேலே அழுத்தினால் இறுக்கமாக ஏறும். தொளதொளவென்று ஏறினால் ஏதோ சரியில்லை.

உள்ளே சொட்டுவது நிற்கட்டும் என்று விட்டுவிட்டு சம்ப்பைக் கழுவ உட்கார்ந்தோம். பிரேக் கிளீனர் அடித்து, நூல் பிரியாத துணியால் துடைத்தோம். பழைய பனியன், டர்க்கி டவல் இரண்டும் வேண்டாம். அதிலிருந்து ஒரு நூல் பிரிந்து வால்வு பாடிக்குப் போனால் எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது. காந்தத்தைத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். சம்ப்பின் விளிம்பையும் பார்க்க வேண்டும். முன்பு யாராவது போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் துளையைச் சுற்றித் தகடு குழிந்திருக்கும். ஒரு மரக்கட்டை மேல் வைத்து, பின்பக்கமிருந்து தட்டிச் சமப்படுத்தினேன்.

சம்ப்புக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட்டில் சின்ன சர்ச்சை உண்டு. கம்பெனியில் இருந்து வரும் கேஸ்கெட், நடுவில் உலோகத் தகடும் மேலே ரப்பர் வரியும் கொண்டது. சேதமில்லை என்றால் திரும்பவும் போடலாம். மலிவான கிட்டுகளில் வரும் கார்க் கேஸ்கெட், முறுக்கினால் பிதுங்கும், விட்டால் ஒழுகும். என் வண்டியில் இருந்தது கம்பெனி கேஸ்கெட்தான், ரப்பர் வரி முழுசாக இருந்தது. துடைத்து அதையே போட்டேன், கிட்டில் வந்தது அலமாரிக்குப் போனது. எந்தக் கேஸ்கெட் போட்டாலும் சிலிக்கான் பசை தடவாதீர்கள். பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து நேராக ஃபில்டருக்குத்தான் போகும்.

போல்ட் முறுக்கும் அளவு 97. இங்கேதான் பலர் அலுமினிய மரையை அறுத்துக்கொள்கிறார்கள். அது 97 இன்ச்-பவுண்டு, அதாவது 11 நியூட்டன் மீட்டர். அடிக்கணக்கில் சொன்னால் 8 அடி-பவுண்டுதான். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும், முறுக்கும் அளவைக் காட்டும் பெரிய டார்க் ரெஞ்சு இந்தக் குறைந்த அளவில் நம்பும்படி வேலை செய்யாது. சின்ன, கால் இன்ச் ரெஞ்சு வேண்டும். எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து வெளியே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்றாக முறுக்கினேன். கடைசியில் கேபிள் பிராக்கெட்டை மாட்டி, கியர் லீவர் எல்லா இடத்துக்கும் சரியாகப் போகிறதா என்று பார்த்தேன்.

கேன்களில் அளந்ததில் வெளியே வந்தது ஐந்து குவார்ட்டுக்குச் சற்று மேல். நீளமான கழுத்துள்ள புனலை டிப்ஸ்டிக் குழாயில் செருகி முதலில் நான்கு குவார்ட் ஊற்றினேன். மெதுவாக ஊற்ற வேண்டும், குழாய் ஒடுக்கமானது, அவசரப்பட்டால் பொங்கி வெளியே வரும். வண்டியை ராம்ப்பிலிருந்து இறக்கி, சமதளத்தில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி நிறுத்தி மறுபடி பார்க்குக்கு வந்தேன். ஃபில்டரும் குழிகளும் நிரம்புவது இதில்தான். பிறகு மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன்.

கடைசி அளவு சூட்டில்தான் பார்க்க வேண்டும். ஆயில் 82 முதல் 93 டிகிரி செல்சியஸ், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கியர் பார்க்கில். என்ஜினை நிறுத்தினால் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் திரும்பி வந்து டிப்ஸ்டிக் அதிகமாகக் காட்டும். சூடேறினால் ஆயில் விரியும் என்பதால் குளிரில் 'நிறைவு' கோடு வரை ஊற்றினால் சூட்டில் வழிந்து நிற்கும். அளவு மீறினாலும் ஆபத்துதான், சுழலும் பாகங்கள் ஆயிலில் முங்கி நுரை கிளப்பும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் கியர்பாக்ஸ் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். புது ஆயில் டிப்ஸ்டிக்கில் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு தெளிவு. ஒரு வெள்ளைத் தாளில் குச்சியைப் படுக்க வைத்தால் நனைந்த இடம் தெரியும். குச்சியின் இரு பக்கமும் வேறு வேறு காட்டினால் குறைவாகக் காட்டுவதைத்தான் நம்ப வேண்டும். கோடு போட்ட பகுதியின் நடுவில் நின்றது, அதோடு விட்டேன்.

சரி, நடுக்கம் என்ன ஆயிற்று? முதல் நாளே குறைந்தது, ஒரு தொட்டி பெட்ரோல் ஓடித் தீர்ந்தபோது தேடினால் மட்டும் தெரிந்தது. மொத்த ஆயிலில் பாதிக்கு மேல் பழையதுதான் இன்னும் ஓடுகிறது என்பதால் முழுசாகப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மற்ற கியர் மாற்றங்களில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சம்ப்பின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை.

இனி சம்ப்பைக் கழற்றப் போவதில்லை. அடுத்த என்ஜின் ஆயில் மாற்றும் போதும், அதற்கடுத்த முறையும், அதே பிளாஸ்டிக் குழாயை டிப்ஸ்டிக் வழியாக விட்டு உறிஞ்ச முடிந்த அளவு எடுத்துவிட்டு, அதே அளவு புதியதை ஊற்றுவேன். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தால், மெஷின் செய்கிற வேலையின் பெரும்பகுதி, படுக்காமல், அழுக்காகாமல் முடிந்துவிடும்.

பழைய ஆயிலை இந்த ஊரில் ஆட்டோசோன் கடையில் இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள், என்ஜின் ஆயிலும் கியர்பாக்ஸ் ஆயிலும். கூலண்டோ பெட்ரோலோ கலந்திருந்தால் வாங்க மாட்டார்கள். அதனால் சம்ப் கழுவிய பிரேக் கிளீனர் கலவையை அந்தக் கேனில் ஊற்றாமல் தனியாக வைத்திருக்கிறேன். அது கவுண்டியின் ரசாயனக் கழிவு சேகரிக்கும் இடத்துக்குப் போகும்.